பெரியம்மா, ஜன்னலை எப்போ சாத்துவீங்க?

இரவு பத்து மணிக்கு எங்கள் வீட்டு மாடிப்படி ஏறினால் பாதிப் படியிலேயே முகத்தில் சூடு அடிக்கும். பூச்சோங்கில் இரட்டை மாடி வரிசை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கீழே வரவேற்பறையில் மின்விசிறி போதும். மேலே படுக்கையறையில் ஏர்கோனை 18-இல் வைத்தாலும் முதல் ஒரு மணி நேரம் சுவரைத் தொட்டால் வெதுவெதுப்பாகவே இருக்கும். அம்மா மூன்று வருடமாகக் கீழே, சாமி மேடைக்குப் பக்கத்தில் மெத்தையைப் போட்டுத்தான் படுக்கிறார். முழங்கால் வலி என்று வருபவர்களிடம் சொல்வார். அது பாதிதான் உண்மை.

வெயில் கடுமையாக இருந்த ஒரு வாரத்தில், நான் நடத்தும் மாலை நேர வானொலி நிகழ்ச்சியில் ‘உங்கள் வீட்டில் எந்த இடம் அதிகச் சூடு?’ என்று சும்மா ஒரு கேள்வியைப் போட்டேன். பாட்டுக்கு நடுவில் நாலு அழைப்பு வரும் என்று நினைத்தது, நிகழ்ச்சி முடியும்வரை நிற்கவில்லை. கிள்ளான், ரவாங், செமினி, பண்டார் கின்ராரா என்று ஊர்தான் மாறியது, பதில் மாறவில்லை. மேல் மாடி, அதுவும் ராத்திரியில். பகலில்கூடப் பரவாயில்லை, பொழுது சாய்ந்த பிறகுதான் தாங்க முடியவில்லை என்று பலரும் சொன்னார்கள். சூரியன் போன பிறகு ஏன் சூடு கூடுகிறது என்று ஒரு நேயர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த பாட்டைப் போட்டுவிட்டேன்.

அதே வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு குத்தகைக்காரர் வந்து விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். பின்கட்டைக் கூரை போட்டு மூடி சமையலறையை நீட்டுவது, முன்பக்க ஜன்னல் கண்ணாடிகளுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவது, மேலே இன்னும் இரண்டு ஏர்கோன். மொத்தம் நாற்பதாயிரம் ரிங்கிட்டுக்கு மேல். வீட்டுக்கென்று நாங்கள் சேர்த்து வைத்திருந்த தொகை முழுவதும் அதில் போய்விடும். முன்பணம் கொடுப்பதற்கு முன் சித்தி மகனிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றார் அம்மா. தம்பி பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கட்டடக் கலை அலுவலகத்தில் வேலை செய்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். தோசை சாப்பிட்டான். அளவு நாடாவால் வீட்டை அளந்து மடிக்கணினியில் வரைந்தான். பிறகு ஒரு பொத்தானைத் தட்டினான். எங்கள் வீடு திரையில் சிவப்பும் மஞ்சளுமாக மாறியது.

ஒரு வருடத்தின் 8,760 மணி நேரம்

கட்டடம் வரையும் மென்பொருளுக்குள் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் சிறிய துணை நிரல்தான் ப்ளக்-இன். ஆற்றல் கணக்குப் போடும் ப்ளக்-இன்கள் இப்போது நிறைய இருக்கின்றன. ஸ்கெட்ச்அப் மென்பொருளுக்கு ஓப்பன் ஸ்டூடியோ, செஃபைரா, ரைனோவுக்கு லேடிபக், ஹனிபீ, ரெவிட்டுக்கு இன்சைட். இவற்றில் பலவற்றின் வயிற்றுக்குள் இருக்கும் கணக்கு இயந்திரம் ஒன்றுதான்: அமெரிக்க எரிசக்தித் துறை 2001-இல் வெளியிட்ட எனர்ஜிபிளஸ். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதற்கும் மூதாதை உண்டு. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, கட்டடங்கள் எவ்வளவு எரிபொருளைத் தின்கின்றன என்று அமெரிக்காவில் கணக்குப் பார்க்க எழுதிய நிரல்களிலிருந்து வந்தது அது.

அது செய்யும் வேலை புரியாத மாயம் ஒன்றுமில்லை. ஒரு வருடத்தில் 8,760 மணி நேரம். ஒவ்வொரு மணிக்கும் சூரியன் எங்கே, வெளியே எவ்வளவு சூடு, கூரை வழியாக எவ்வளவு உள்ளே வருகிறது, சுவர் எவ்வளவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, உள்ளே இருக்கும் மனிதர்களும் அடுப்பும் டிவியும் எவ்வளவு சூட்டைத் தருகின்றன, ஏர்கோன் எவ்வளவு சூட்டை வெளியே தள்ளவேண்டும் என்று வரவு செலவுப் புத்தகம் போலக் கூட்டிக் கழிக்கிறது. மளிகைக் கடை நோட்டுதான், சரக்கு மட்டும் வெப்பம்.

நேயர் கேட்ட கேள்விக்குப் பதிலும் அதில் இருந்தது. செங்கல்லும் காங்கிரீட்டும் பகல் முழுவதும் சூட்டைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு மெதுவாக உள்ளே கக்குகின்றன. அம்மா இதைக் கேட்டதும், “லயன் வீட்ல அப்படி இல்லையே” என்றார். அவர் பிறந்தது தோட்டத்தில். தகரக் கூரை, பலகைச் சுவர். பகலில் உள்ளே உட்கார முடியாது, ஆனால் ஏழு மணிக்கெல்லாம் தகரம் ஆறிவிடும் என்றார். தம்பி சிரித்துக்கொண்டே தலையாட்டினான். எடை குறைந்த பொருள் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். அவன் பல்கலைக்கழகத்தில் படித்தது இதைத்தான்.

பக்கத்து வீடே இல்லாத வீடு

முதல் விடை படு தப்பு. எங்கள் வீட்டுக்கு அதிகச் சூடு இரண்டு பக்கச் சுவர்கள் வழியாக வருகிறது என்றது திரை. வரிசை வீட்டில் பக்கச் சுவர் என்றால் அடுத்த வீட்டுச் சுவர். அங்கே வெயில் எங்கிருந்து வரும்? அந்தப் பக்கமும் ஒரு வீடு இருக்கிறது, இந்தச் சுவர் வழியாகச் சூடு போகவும் இல்லை, வரவும் இல்லை என்று நிரலுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வெட்டவெளியில் தனியாக நிற்கும் பங்களா என்று நினைத்துக்கொள்ளும். தம்பி சொல்ல மறந்திருந்தான்.

இரண்டாவது விடையில் மாலை வெயிலே இல்லை. எங்கள் வீட்டு முன்பக்கம் மேற்கு. நாலு மணிக்கு மேல் வாசலில் நிற்க முடியாது. திரையிலோ முன் ஜன்னலுக்குப் பச்சை நிறம். வரையும்போது வடக்கு எது என்று குறிக்கவில்லை. நிரல் தானாக ஒரு திசையை வடக்காக வைத்துக்கொண்டது. எங்கள் வீடு தெற்குப் பார்த்த வீடாகிவிட்டது. வாஸ்து பார்க்க வருபவர்கூட முதலில் திசைகாட்டியைத்தான் எடுக்கிறார் என்று நான் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த இரண்டு தப்பும் அவனுடைய அலுவலகத்தில் அடிக்கடி நடப்பவைதானாம். அங்கே இவற்றைப் பயன்படுத்துபவர்களிடம் என்ன குறை, என்ன நிறை என்று கேட்டுச் சொல் என்றேன். ஒரு வாரம் கழித்து ஒரு மாமாக் கடையில் அவனுடைய தோழர்கள் மூன்று பேரோடு உட்கார்ந்தோம். தே தாரிக் நான்கு சுற்று போனது. எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் பேசினார்கள்.

பெரிய குறை, இரண்டு முறை வரைவது. வாடிக்கையாளருக்குக் காட்ட வரையும் படத்தில் சுவருக்குத் தடிமன் இருக்கும், மாடம் இருக்கும், கைப்பிடி இருக்கும், பூச்செடிகூட இருக்கும். ஆற்றல் கணக்குக்கு இவை எதுவும் வேண்டாம். சுவர் ஒரு தாள்போல ஒற்றைத் தளமாக இருக்கவேண்டும். அறை ஓட்டையில்லாத பெட்டிபோல மூடியிருக்கவேண்டும். மூலையில் ஒரு மில்லிமீட்டர் சேராமல் இருந்தால் அந்த அறை அறையே அல்ல என்று நிரல் தள்ளிவிடும், அல்லது பிழைச் செய்தி வரும். அந்தச் செய்தி கட்டடக் கலைஞருக்குப் புரியும் மொழியில் வராது. ‘ஒட்டிக்கொண்டு வேலை செய்யும்’ என்ற விளம்பரத்தை நம்பி வாங்கியவர்களுக்கு இது முதல் ஏமாற்றம்.

அடுத்தது, மறைந்திருக்கும் அனுமானங்கள். நீங்கள் எதையும் நிரப்பாமல் விட்டால் நிரல் தானே நிரப்பிக்கொள்ளும். எத்தனை பேர் இருக்கிறார்கள், எப்போது விளக்குப் போடுவார்கள், ஏர்கோன் எத்தனை மணி நேரம் ஓடும் என்று எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஒரு மதிப்பு உண்டு. அவற்றில் பல அமெரிக்கப் பழக்கத்திலிருந்து வந்தவை. எங்கள் வீட்டுக்கு எல்லா அறையிலும் இருபத்து நாலு மணி நேரமும் குளிரூட்டல் என்று அது போட்டிருந்தது. அம்மாவிடம் காட்டியபோது, “பில் யார் கட்டறது?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஏர்கோன் ஒரே அறையில், இரவு பத்து முதல் காலை ஐந்து வரைதான்.

பில் கணக்கும் அப்படித்தான். ஒரு யூனிட்டுக்கு ஒரே விலை என்று பெருக்கிக் காட்டும். நம் ஊரில் 2014 முதல் 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை இருந்த வீட்டுக் கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென்; 300-ஐத் தாண்டியதும் 51.60 சென். ஏர்கோன் போட்ட மாதம் பில் ஏன் குதித்தது என்பது இந்தப் படிக்கட்டில்தான் இருந்தது. கட்டணத்தை நாமே உட்கார்ந்து ஏற்றாவிட்டால் ப்ளக்-இன்னுக்கு அது தெரியப்போவதில்லை.

மூன்றாவது குறையைச் சொன்னவர் மூத்தவர், நாற்பதைத் தாண்டியவர். “கற்றுக்கொண்டு கை பழகும்போது கருவியே போய்விடுகிறது” என்றார். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ மார்ஷ் உருவாக்கிய ஈக்கோடெக்ட் என்ற மென்பொருளைச் சொன்னார். சூரிய ஒளியையும் நிழலையும் அவ்வளவு அழகாகக் காட்டும், ஒரு தலைமுறை மாணவர்கள் அதில்தான் படித்தார்கள். 2008-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதை வாங்கியது. 2015-இல் விற்பனையை நிறுத்தியது. ஸ்கெட்ச்அப்புக்கான ஓப்பன் ஸ்டூடியோ ப்ளக்-இன்னை உருவாக்கிய அமெரிக்க அரசு ஆய்வகமும் 2020-இல் அதைக் கைவிட்டது. பயன்படுத்துபவர்களே ஒரு கூட்டணியாகச் சேர்ந்து அதைத் தொடர்ந்து காப்பாற்றி வருகிறார்கள். அந்தத் தகவலைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

நிறை இல்லாமலா இதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்? இருக்கிறது. ஒரே வீட்டுக்கு நான்கு யோசனைகளை அடுத்தடுத்துப் போட்டு, எது மேல் என்று அரை மணி நேரத்தில் பார்க்கலாம். மொத்த எண் தப்பாக இருந்தாலும் எது முதல், எது இரண்டாவது என்ற வரிசை பெரும்பாலும் சரியாக வரும். வாடிக்கையாளர் முழுக் கண்ணாடி முகப்பு கேட்கும்போது வாயால் சொல்லிப் புரியாதது, திரையில் சிவப்பைப் பார்த்தால் புரிந்துவிடும். அவர்கள் நால்வரும் ஒத்துக்கொண்ட ஒரே பாராட்டு இதுதான். அந்தச் சிவப்பை அதிகமாக நம்பாதீர்கள் என்று எச்சரித்ததும் அவர்களேதான்.

சுபாங்கின் பழைய வானிலை

எங்கள் வீட்டுக் கணக்குக்குத் திரும்புகிறேன். வெளியே எவ்வளவு சூடு என்று நிரலுக்கு எப்படித் தெரியும்? வானிலைக் கோப்பு என்று ஒன்றை ஏற்றவேண்டும். கோலாலம்பூருக்கு நெடுங்காலமாகப் பலரும் ஏற்றும் கோப்பு உண்மையில் சுபாங் விமான நிலைய வானிலை நிலையத்துடையது. எங்கள் வீட்டிலிருந்து சுபாங் தூரமில்லை என்பதால் முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் அந்தக் கோப்பின் வயது தெரிந்தது. 1982 முதல் 1999 வரையான பதிவுகளைப் பார்த்து, ஒவ்வொரு மாதத்துக்கும் ‘வழக்கமான’ ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுத்து, பன்னிரண்டையும் ஒட்டிச் செய்த ஆண்டு அது.

1999-க்கு முந்தைய பூச்சோங்கை நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்கு நினைவிருக்கிறது: ரப்பர் மரங்கள், ஈயம் எடுத்துக் கைவிட்ட குளங்கள், அங்கங்கே புதிதாக முளைத்த வீட்டு வரிசைகள். இப்போது எங்கள் தெருவில் நின்று பார்த்தால் தார், காங்கிரீட், காரின் கூரை, ஏர்கோன் வெளிப்பெட்டி. விமான நிலையப் புல்வெளியில் அன்று அளந்த காற்றும், எங்கள் தெருவில் இன்று இரவு ஒன்பது மணிக்கு அடிக்கும் காற்றும் ஒன்றாக இருக்க வழியில்லை. 2016 ஏப்ரலில் எல் நினோ வெயிலால் பெர்லிஸிலும் கெடாவிலும் பள்ளிகளை மூடினார்களே, அப்படிப்பட்ட மாதம் எதுவும் அந்தக் கோப்பில் கிடையாது. பிற்காலப் பதிவுகளைச் சேர்த்த புதிய கோப்புகள் வந்துவிட்டன. தம்பி அதைத் தேடி எடுத்து மாற்றினான். பழக்கத்தில் பழையதையே ஏற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றான்.

கடைசியாக ஜன்னல். எந்த ஜன்னல், எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்குச் சாத்தும் என்று ஒரு அட்டவணை. தம்பி அவனாகவே பகலில் மூடியும் இரவில் திறந்தும் என்று போட்டிருந்தான். புத்தகத்தில் அப்படித்தானாம்: வெளியே சூடாக இருக்கும்போது மூடு, குளிர்ந்தபின் திற. போட்டுவிட்டு, எதற்கும் கேட்டுவிடுவோம் என்று சமையலறைப் பக்கம் திரும்பி, “பெரியம்மா, ஜன்னலை எப்போ சாத்துவீங்க?” என்றான்.

“ஆறு மணிக்கு. விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி. கொசு வந்துரும்ல?”

காலையில் எழுந்ததும் எல்லாவற்றையும் திறப்பார். பகல் முழுவதும் திறந்தே இருக்கும். வெளியே குளிரத் தொடங்கும் அந்தச் சரியான நேரத்தில் இழுத்துச் சாத்துவார். புத்தகத்துக்கு நேர் எதிர். ஆனால் எங்கள் தெருவில் டெங்கி வந்து இரண்டு வீட்டுப் பிள்ளைகள் மருத்துவமனையில் கிடந்ததைப் பார்த்தவர் அவர். ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்தாதே என்று யார் சொல்வது?

தம்பி அட்டவணையைத் திருப்பிப் போட்டு மறுபடி ஓட்டினான். எங்கள் மேல் மாடி இரவுச் சூடு அப்போதுதான் திரையில் முதன்முறையாக எங்களுக்குத் தெரிந்த சூடுபோல வந்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஜொகூர் பாருவில் வரிசை வீடுகளை ஆராய்ந்த தெத்சு குபோதா, டோரிஸ் தோ, சுபியான் அகமது ஆகியோர் 2009-இல் வெளியிட்ட கட்டுரையில் இதேதான் இருக்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் பகலில் ஜன்னலைத் திறந்து இரவில் சாத்துகின்றன. வீடுகளில் இரண்டு விதமாகவும் அளந்து பார்த்தார்கள். இரவில் திறந்து பகலில் மூடினால் உச்ச வெப்பம் 2.5 டிகிரியும், இரவு நேர வெப்பம் சராசரியாக 2 டிகிரியும் குறைந்தது. செலவே இல்லாத 2 டிகிரி. ஈரப்பதம் குறையாது என்பதையும் அவர்கள் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள், அதனால் மின்விசிறியைக் கழற்றிவிட முடியாது.

குத்தகைக்காரர் பட்டியலும் கணினிப் பட்டியலும்

எல்லாம் திருத்திய பிறகு குத்தகைக்காரர் சொன்ன வேலைகளை ஒவ்வொன்றாக மாதிரியில் போட்டுப் பார்த்தோம். அவர் பட்டியலிலேயே இல்லாத ஒன்றுதான் முதலிடத்தில் நின்றது: கூரை. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில். சூரியன் வருடம் முழுவதும் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேதான் போகிறது. சுவரில் விழுவதைவிடக் கூரையில் விழுவதே அதிகம். எங்கள் வீட்டில் ஓட்டுக்குக் கீழே ஒரு வெள்ளித் தாள், அதற்கும் கீழே சீலிங் பலகை. நடுவில் வேறொன்றும் இல்லை.

இதற்குச் சட்டமே இருக்கிறது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. சீரான கட்டடத் துணைச் சட்டத்தில் சேர்ந்த 38ஏ பிரிவு, கூரை வழியாக எவ்வளவு வெப்பம் நுழையலாம் என்று எல்லை வைக்கிறது. எடை குறைந்த கூரைக்கு யு-மதிப்பு 0.4-ஐத் தாண்டக்கூடாது, எடை கூடிய கூரைக்கு 0.6. ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் புகும் என்பதுதான் யு-மதிப்பு. எண் சிறியதாக இருந்தால் நல்லது. சிலாங்கூரில் இது அரசிதழில் வந்தது 2012-இல். எங்கள் வீடு அதற்குப் பல வருடம் முந்தையது. புது வீடு வாங்கப்போகும் இளம் தம்பதிகள் மேம்பாட்டாளரிடம் இந்த எண்ணைக் கேட்கலாம். மொசைக் நிறத்தையும் வாசல் கேட்டையும் கேட்கிறோம், இதைக் கேட்டால் என்ன?

இரண்டாவது இடம் மேற்கு ஜன்னலுக்கு வெளியே நிழல் தருவது. ஃபிலிம் ஒட்டுவது அதற்குக் கீழேதான் வந்தது. வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே தடுப்பதும், தொட்ட பிறகு தடுப்பதும் ஒன்றல்ல. பின்கட்டை மூடிச் சமையலறையை நீட்டும் யோசனையைப் போட்டபோது பின் படுக்கையறை சிவந்தது. முன்னால் நுழையும் காற்று வெளியேறப் பின்னால்தான் வழி. அந்த வழியைத்தான் நாங்கள் பணம் கொடுத்து அடைக்கவிருந்தோம். எங்கள் வரிசையில் பத்து வீடு இருந்தால் ஏழில் பின்கட்டு மூடித்தான் இருக்கிறது. பாத்திரம் கழுவ, துணி காயவைக்க இடம் வேண்டும், மழை நனையக்கூடாது. காரணம் இல்லாமல் யாரும் மூடவில்லை.

பின்கட்டை விட்டுவிட்டோம். கூரைக்குள் வெப்பத்தடுப்புப் பஞ்சு விரித்தோம். மேற்கு ஜன்னல்களுக்கு வெளியே சாய்ப்பு. எல்லா ஜன்னல்களுக்கும் கொசுவலை. குத்தகைக்காரர் கேட்டதில் பாதிக்கும் குறைவாகத்தான் ஆனது. வேலையை வேறொருவரிடம் கொடுத்தோம்.

கணக்கு சொன்னதும் நாட்காட்டி சொன்னதும்

இங்கேயே கட்டுரையை முடித்திருந்தால் ப்ளக்-இன் விளம்பரம்போல இருந்திருக்கும். தம்பி விடவில்லை. மருந்துக்கடையில் விற்கும் மலிவான வெப்பமானிகள் இரண்டை வாங்கி, ஒன்றை மேல் அறையிலும் ஒன்றைக் கீழேயும் மாட்டினான். தினமும் இரவு பத்து மணிக்குப் பார்த்து எழுதும் வேலை அம்மாவுக்கு. சமையலறையில் தொங்கும் தமிழ் நாட்காட்டியில், ராகு காலத்துக்குக் கீழே, பேனாவால் இரண்டு எண்கள். வேலை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே எழுதினார்.

மாதிரி, மேல் அறையில் இரவு பத்து மணிக்கு 3 டிகிரி குறையும் என்றது. நாட்காட்டியில் குறைந்தது ஒன்றரைதான்.

எனக்கு ஏமாற்றம். தம்பிக்கோ அன்றுதான் சுறுசுறுப்பு வந்தது. சீலிங் கதவைத் திறந்து டார்ச்சுடன் மேலே ஏறினான். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பஞ்சே விரிக்கவில்லை. ஓரங்களில், ஓடு தாழ்ந்து வரும் இடத்தில், கை எட்டாது என்று விட்டிருந்தார்கள். மின்கம்பி போகும் இடங்களில் பஞ்சைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். கணினியில் கூரை முழுவதும் ஒரே சீராகப் போர்த்தியிருந்தது. எங்கள் தலைக்கு மேலே கந்தல் போர்வை. ஆட்களைக் கூப்பிட்டு மீண்டும் விரிக்கச் சொன்னோம். முணுமுணுத்துக்கொண்டே செய்தார்கள்.

இன்னொரு காரணத்தை நாட்காட்டி காட்டவில்லை, நானே கண்டுபிடித்தேன். கொசுவலை போட்ட பிறகு இரவு முழுவதும் ஜன்னல் திறந்திருக்கும் என்று அட்டவணையில் போட்டிருந்தோம். அம்மா பதினொரு மணிக்குச் சாத்திக்கொண்டிருந்தார். இரும்புக் கிரில் இருக்கிறதே என்றேன். “கிரில் இருந்த வீட்லதானே போன வருஷம் திருடன் வந்தான்?” என்றார். இதற்கு எந்த நிரலில் எந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது?

கணக்குக்கும் வாழ்க்கைக்கும் இடையிலான இந்த இடைவெளி உலகத்துக்குப் புதிதல்ல. பிரிட்டனில் 1995 முதல் 2002 வரை, புரோப் என்ற ஆய்வுத் திட்டத்தில், கட்டி முடித்துப் புழக்கத்துக்கு வந்த கட்டடங்களுக்குத் திரும்பப் போய், மின்மானியைப் படித்து, உள்ளே வேலை செய்பவர்களிடம் கேள்வி கேட்டு, முடிவுகளைக் கட்டடத்தின் பெயரோடு வெளியிட்டார்கள். வரைபடத்தில் எதிர்பார்த்ததைவிட அதிக ஆற்றலைத் தின்ற கட்டடங்கள் அதில் பல. வெட்கப்படும் விஷயத்தை வெளியில் சொன்னதுதான் அதன் பெருமை.

நம் நாட்டிலும் நல்ல உதாரணம் உண்டு. புத்ராஜெயாவில் 2004-இல் எழுந்த எரிசக்தி அமைச்சின் லியோ கட்டடத்தைக் கணினி மாதிரியை வைத்தே வடிவமைத்தார்கள். அன்றைய வழக்கமான அலுவலகங்கள் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 200 கிலோவாட்-மணிக்கு மேல் செலவழிக்க, இதற்கு 100 என்று இலக்கு. புழக்கத்துக்கு வந்தபின் விடாமல் அளந்தார்கள். தொடக்க ஆண்டுகளில் இலக்கைவிடச் சற்றுக் கூடுதலாகவே வந்தது. பிறகு வந்தது எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடம். வெளிச் சுவர் 25 பாகை சாய்ந்து, மேல் தளமே கீழ்த் தளத்துக்குக் குடை பிடிக்கும் கட்டடம், புத்ராஜெயா போகும்போது பார்த்திருப்பீர்கள். அதற்கு வைத்த இலக்கு 85. அளந்தபோது அதைவிடக் குறைவாகவே செலவானது. ஆக, கணக்கு எப்போதும் ஒரே பக்கம்தான் தவறும் என்றும் சொல்ல முடியாது. இரண்டிலும் யாரோ ஒருவர் மின்மானியை ஒழுங்காகப் பார்த்து எழுதியதால்தான் நமக்கு இது தெரிகிறது.

2025 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் இனி பெரிய கட்டடங்களை இப்படி அளந்து காட்டச் சொல்கிறது. வரிசை வீடுகளுக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. நம் வீட்டை வரைந்தவருக்கு, நாம் அதில் எப்படித் தூங்குகிறோம் என்பது தெரிய வழியே இல்லை. நேயர்கள் அன்று வானொலியில் சொன்னதெல்லாம் காற்றோடு போனது. அழைப்பு முடிந்ததும் நானும்தானே அடுத்த பாட்டுக்குப் போனேன்.

தம்பியின் அலுவலகத்தில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது, சிறியதுதான். ரவாங் பக்கம் ஒரு வீட்டு வரிசைக்கு வேலை செய்கிறார்கள். ஜன்னல் அட்டவணையைப் போடுவதற்கு முன், அதே மேம்பாட்டாளர் கட்டிய பழைய வரிசையில் குடியிருக்கும் குடும்பங்களிடம் நேரில் போய்க் கேட்டுவர அனுமதி வாங்கியிருக்கிறான். எத்தனை மணிக்குச் சாத்துவீர்கள், ஏன் சாத்துவீர்கள், எந்த அறையில் படுப்பீர்கள் என்று மூன்று கேள்விகள். தமிழில் எப்படிக் கேட்பது, மலாயில் எப்படிக் கேட்பது என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனான்.

கூரைப் பஞ்சைச் சரிசெய்த பிறகு நாட்காட்டியில் எண்கள் இன்னும் கொஞ்சம் இறங்கின. கணக்கு சொன்ன 3 இன்னும் வரவில்லை, இரண்டேகால் வரைக்கும் வந்திருக்கிறது. சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பியபோது சாமி மேடைக்குப் பக்கத்தில் மெத்தை இல்லை. மேலே போய்ப் பார்த்தேன். அம்மா அவருடைய அறையில், மின்விசிறியை மூன்றில் வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ஏர்கோன் ஓடவில்லை. ஜன்னல் மட்டும் சாத்தியிருந்தது.